அண்ணன் காட்டிய மூன்று விரல்கள்

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான விஷயம் இல்லை என்பதால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தனியார் பஸ் ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த வருடம் சித்திரை வெயிலில், வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு இறங்கியவர் படியிலேயே சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். வேறு எங்கே போவார்?

வீட்டில் நானும் என் கணவரும்தான். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எனக்கு நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை. காலை எட்டரைக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புவேன். கணவர் மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் வேலை பார்க்கிறார். கடை பக்கத்திலேயே இருந்ததால் நடுவில் இரண்டு தடவை வந்து அண்ணனுக்குச் சாப்பாடு கொடுத்து, பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்விட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் அண்ணன் முன்னறையில் நாற்காலியில் தனியாக டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு நாம் பேசுவது நன்றாகப் புரியும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். வார்த்தைதான் வராது. "இல்ல" என்ற ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது. வேண்டும் என்பதற்கும் "இல்ல", வேண்டாம் என்பதற்கும் "இல்ல". முகத்தைப் பார்த்துத்தான் எது எது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வாரம் இரண்டு நாள் சாயங்காலம் பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வருவார். சின்ன வயதுதான், பொறுமைசாலி. ஆடி மாதம் அண்ணனின் வலது கை விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கியதும் அவர் ஒரு யோசனை சொன்னார்.

"யக்கா, சும்மா பந்தை அமுக்கச் சொன்னா அவருக்குச் சலிச்சுப் போகுது. எந்நேரமும் டிவிதான பாக்குறாரு? ரிமோட்டை வலது கையில குடுங்க. பெருவிரலால நம்பர் அடிச்சு அவரே சேனல் மாத்தட்டும். மூளைக்கும் வேலை, விரலுக்கும் வேலை."

எங்கள் கேபிளில் தமிழ் சேனல்கள் எல்லாமே முந்நூறில்தான் தொடங்கும். அண்ணனுக்குப் பிடித்த ஐந்து சேனல்களின் எண்ணை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி டிவிக்குக் கீழே ஒட்டினேன். தினமும் சாயங்காலம் ஐந்தையும் இரண்டிரண்டு தடவை அடிக்கச் சொல்லுவேன். பத்துக்கு எத்தனை சரி என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுவேன். அலுவலகத்தில் பதிவேடு எழுதி எழுதிப் பழகிய கை. எழுதிவைத்தால்தான் எனக்கு ஒரு காரியம் நடந்ததாகவே தோன்றும்.

முதல் வாரம் பத்துக்கு இரண்டு. பிறகு நான்கு. ஆவணி பிறக்கும்போது எட்டு, ஒன்பது என்று வந்துவிட்டது. அந்த நாட்களில் வீட்டில் ஒரு வெளிச்சம் இருந்தது. பயிற்சிக்கு முன்பு அண்ணனின் வலது கைக்குத் தைலம் தேய்த்து நீவிவிடுவது என் வேலை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பத்து நிமிடம் தேய்ப்பேன். முடித்ததும் ரிமோட்டை எடுத்து அந்தக் கையில் வைப்பேன். தேய்த்த சூட்டோடு கொடுத்தால் விரல் நன்றாக வளைகிறது என்பது நானே கண்டுபிடித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

புரட்டாசியில் எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. ஒன்பது ஏழாயிற்று. ஏழு ஐந்தாயிற்று. சில நாள் திடீரென்று எட்டு வரும். மறுநாள் இரண்டு.

முந்நூற்றுப் பதினொன்று அடிக்கச் சொன்னால் திரையில் பதினொன்று என்று வரும். முந்நூற்று இருபத்தைந்து என்றால் வெறும் இருபத்தைந்து. பிறகு "இந்தச் சேனல் இல்லை" என்று திரை நீலமாகிவிடும். நான் நோட்டில், "முதல் எண்ணை விட்டுவிடுகிறார்" என்று எழுதினேன். அதன் கீழே கோடும் போட்டேன்.

பிசியோதெரபி பெண்ணும் குழம்பிப்போனார். "பந்தை நல்லாத்தான் அமுக்குறாரு. பிடி போன மாசத்தைவிட இறுக்கமா இருக்கு. நம்பர்லதான் தப்பு வருது. டாக்டர்ட்ட ஒருதடவை காட்டிருங்கக்கா" என்றார்.

ரிமோட்டில் கோளாறு இருக்குமோ என்று யோசிக்காமல் இல்லை. யோசித்தோம். என் கணவர் புது பேட்டரி வாங்கிப் போட்டார். நான் ரிமோட்டை எடுத்து பவர் பட்டனை அமுக்கினேன். டிவி அணைந்தது. மறுபடி அமுக்கினேன். வந்தது. சத்தம் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். எல்லாம் நடந்தது. "ரிமோட்டு நல்லாத்தாண்ணே இருக்கு. நீங்கதான் பாத்து அடிக்கணும்" என்று சொல்லி அவர் கையில் திருப்பி வைத்தேன். அவர் "இல்ல, இல்ல" என்றார். நான் தோளைத் தட்டிக்கொடுத்தேன், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல.

இதற்குள் அவர் இன்னொன்று செய்ய ஆரம்பித்திருந்தார். இடது கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டுவார். முதலில் என் கணவர்தான் பார்த்தார். "மூணு மணிக்கு எதுவும் வேணுமா மச்சான்?" என்று கேட்டார். "இல்ல." மூன்று இட்லியா, மூன்றாவது மாத்திரையா, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லையா என்று எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டோம். எல்லாவற்றுக்கும் "இல்ல". கடைசியில் அவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொள்வார்.

ஒருநாள் அவருக்கு எண்கள் நினைவில் இருக்கின்றனவா என்று சோதிக்க நினைத்து, "அண்ணே, அஞ்சு விரல் காட்டுங்க" என்றேன். மூன்று காட்டினார். "சரி, ரெண்டு காட்டுங்க." மூன்றுதான் காட்டினார். கையை என் முகத்துக்கு நேரே நீட்டி ஆட்டிக் காட்டினார். அன்றைக்கு நோட்டில் நான் எழுதியது: "எண் குழப்பம். எது கேட்டாலும் மூன்று."

இப்போது எழுதும்போது இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். நோட்டையும் எடுத்துப்போனேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "இம்புட்டு விவரமா யாரும் எழுதிட்டு வர மாட்டாங்கம்மா" என்று பாராட்டக்கூடச் செய்தார். சின்னதாக இன்னொரு அடைப்பு வந்திருக்கலாமோ என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. அப்படியானால் மனச்சோர்வாக இருக்கலாம், மறதியின் தொடக்கமாகவும் இருக்கலாம், கொஞ்ச நாள் பார்ப்போம் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். நான் கொண்டுபோன நோட்டில் இருந்ததை வைத்து அவர் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

அந்த மாத்திரையைப் போட்டால் அண்ணன் பாதி நாள் தூங்கி வழிவார். விழித்திருக்கும் நேரத்தில் கோபம். ஒரு சாயங்காலம் பயிற்சியின்போது முந்நூற்றுப் பதினொன்றை ஆறேழு தடவை அடித்தார். ஒவ்வொரு தடவையும் பதினொன்றுதான் வந்தது. "அண்ணே, முதல்ல மூணு. மூணை மறந்துர்றீங்க பாருங்க" என்று அட்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார், குலுக்கினார், மறுபடி அடித்தார். பிறகு இடது கைக்கு மாற்றி, சுவரைப் பார்த்து எறிந்துவிட்டார். பேட்டரி மூடி கழன்று சோபாவுக்கு அடியில் போயிற்று.

ரிமோட்டைப் பொறுக்கி எடுத்து, மூடியைப் பொருத்தி, ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டேன். அன்றோடு பயிற்சியை நிறுத்தினோம். மறுநாளிலிருந்து காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, நம்பர் அடிக்காமல் சேனலை மேலும் கீழும் தள்ளும் பட்டனை அமுக்கி, ஏதாவது ஒரு சேனலை நானே வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வரைக்கும் அதுவே ஓடும். ஒருநாள் அவசரத்தில் எதை வைத்தேன் என்று பார்க்கவில்லை. திரும்பி வந்தபோது புடவை விற்கும் விளம்பரச் சேனல் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இந்தச் சமயத்தில்தான் காப்பகம் பற்றிய பேச்சு வந்தது. பேச்சை எடுத்தது நான். என் கணவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அழகர்கோவில் போகும் ரோட்டில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மரங்கள் இருந்தன. படுக்கைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் முன்னறையில் உட்கார்ந்து கணவரிடம் சொன்னேன்.

"புதன்கிழமை கூட்டிட்டு வரச் சொல்லிருக்காங்க. சேக்குறதுக்கு ஃபாரம் வாங்கிட்டு வந்துட்டேன்."

"இன்னுங் கொஞ்ச நாள் பாப்போமே. நம்ம கூடத்தான இருக்காரு, யாருக்கு என்ன தொந்தரவு?"

"தொந்தரவுன்னு யாருங்க சொன்னா? நாளாக நாளாக எல்லாம் மறந்து போகுது. பகல் பூரா தனியா இருக்காரு. தானா எந்திரிக்கப் போயி விழுந்துட்டார்னா என்ன பண்றது? நம்பர் கூடத் தெரியாம ஆயிருச்சு."

நாங்கள் இதைப் பேசியபோது அண்ணன் ஐந்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு எல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்னதை எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஐப்பசி மழை இரண்டு நாளாகப் பெய்து, அன்று காலை கொஞ்சம் வெறித்திருந்தது. பத்து மணி இருக்கும். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கணவர் காய் வாங்கப் போயிருந்தார். எதிர் வீட்டு அம்மா வாசலில் நின்று சத்தம் கொடுத்தார்.

"வைகையில தண்ணி கரையைத் தொட்டுப் போகுதாம். லோக்கல் சேனல்ல காட்டுறான், போட்டுப் பாருங்க!"

கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஃபிரிட்ஜ் மேலிருந்த ரிமோட்டை எடுத்தேன். லோக்கல் சேனல் முந்நூற்று நாற்பது. மூன்று, நான்கு, பூஜ்யம் என்று அடித்தேன். திரையில் நாற்பது என்று வந்தது. ஏதோ இந்தி நாடகம் ஓடியது.

சரியாக அடிக்கவில்லை என்று நினைத்து மறுபடி அடித்தேன். நாற்பது. மூன்றாம் எண்ணை மட்டும் அழுத்தமாக ஒரு தடவை அமுக்கினேன். திரையில் ஒன்றுமே வரவில்லை. நகம் வெளுக்கும்படி அமுக்கினேன். ஒன்றும் இல்லை. ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினேன். குலுக்கினேன். மறுபடி அமுக்கினேன்.

குலுக்கிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு வாரத்துக்கு முன்னால் அதே இடத்தில் அண்ணன் செய்ததைத்தான் நான் ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் டிவியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை மெதுவாகத் தூக்கினார். மூன்று விரல்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அழுகை வரவில்லை. "மூணு வேலை செய்யலையாண்ணே?" என்று கேட்டேன். அவர் "இல்ல" என்றார். தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே சொன்னார். எத்தனையோ வாரமாக அவரிடம் நான் கேட்ட முதல் சரியான கேள்வி அதுதான்.

அடுப்பை அணைத்துவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கினேன். எங்கள் தெருமுனை தாண்டி மார்க்கெட் போகும் வழியில் டிவி, மிக்ஸி பழுது பார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஒரு டிவியைப் பிரித்து வைத்து வேலையாக இருந்தார்.

"அண்ணே, இதுக்கு ஒரு புது ரிமோட்டு வேணும்."

வாங்கிப் பார்த்தார். "இதுக்கு என்ன?"

"ஒரு பட்டன் வேலை செய்யல."

"எந்தப் பட்டன்?"

"மூணு."

"மத்ததெல்லாம்?"

"வேலை செய்யுது."

"அப்புறம் எதுக்கு புதுசு? உள்ள அழுக்கு அடைஞ்சிருக்கும். கழட்டித் தொடைச்சா முடிஞ்சது." ரிமோட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "தைல வாடை வருதே. எண்ணெய்க் கையோட பிடிப்பீங்களா?"

நான் சொன்னேன். அண்ணனுக்குக் கை நீவிவிட்டு உடனே கொடுப்பேன் என்று. அவர் தலையாட்டினார்.

"அதான். எண்ணெய் பட்டன் ஓரமா இறங்கிரும். அடியில ரப்பர் ஷீட் இருக்கும், அதுல கறுப்புப் பொட்டு பொட்டா வச்சிருப்பான். அது கீழ தகட்டைத் தொட்டாத்தான் நம்பர் போகும். நடுவுல எண்ணெய் படிஞ்சா எங்க தொடும்? எதை அதிகமா அமுக்குறமோ அதுதான் முதல்ல போகும். ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. நிறையப் பேர் பவரை மட்டும் அமுக்கிப் பாத்துட்டு, நல்லாத்தான இருக்கும்பாங்க."

சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைக் குத்திச் சொல்ல அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. நான் கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"நானே செஞ்சு தரலாம். ஆனா இந்த டிவியை மத்தியானத்துக்குள்ள குடுத்தாகணும். வீட்டுல நீங்களே பண்ணலாம்க்கா, ஒண்ணும் கஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டு, எப்படிச் செய்ய வேண்டும் என்பதை விளக்கினார். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரும் கொடுத்தார். "முடிச்சுட்டுக் கொண்டு வந்து குடுங்க. அம்புட்டுத்தான்."

வீட்டுக்கு வந்தபோது கணவர் திரும்பியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் காய்ப்பையைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தார். பிறகு போய் மேசையை இழுத்து வந்து அண்ணன் நாற்காலிக்கு முன்னால் போட்டார்.

பேட்டரியை எடுத்தேன். பேட்டரி இருந்த குழியில் ஒரு ஸ்க்ரூ. அதைக் கழற்றி அண்ணனின் வலது உள்ளங்கையில் வைத்தேன். "பத்திரமா வச்சுக்கங்கண்ணே" என்றேன். விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார். காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றை ஓரத்து இடுக்கில் செருகிச் சுற்றி வரத் தள்ளினேன். டக் டக்கென்று கொக்கிகள் விட்டு ரிமோட் இரண்டாகப் பிரிந்தது.

உள்ளே ரப்பர் ஷீட்டின் அடியில் பழுப்பாகப் பிசுக்கு படிந்து, தூசியும் முடியும் ஒட்டியிருந்தன. மூன்றாம் எண்ணுக்குக் கீழேதான் அதிகம். பச்சைத் தகட்டில் அந்த இடம் மட்டும் எண்ணெய் மினுமினுத்தது. எங்கள் வீட்டுத் தைலத்தின் வாடை அடித்தது. தேய்த்த சூட்டோடு நான் ஒவ்வொரு நாளும் கொடுத்தது அங்கே சேர்ந்திருந்தது.

ரப்பர் ஷீட்டைச் சோப்புத் தண்ணீரில் போட்டு விரலால் மெதுவாகக் கழுவினேன். தகட்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு ஊசி போடும்போது துடைக்க வாங்கிய ஸ்பிரிட் இருந்தது. அதில் பஞ்சைத் தொட்டுத் தகட்டைத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாயிற்று. வேறு பஞ்சு எடுத்தேன். நான்காவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. கழுவிய ரப்பரை ஒரு துணியில் வைத்து அண்ணன் மடியில் கொடுத்தேன். அவர் இடது கையால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தார். ஃபேன் காற்றில் கொஞ்ச நேரம் காயவைத்தோம். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எல்லாவற்றையும் பொருத்தினேன். அண்ணன் உள்ளங்கையை விரித்து ஸ்க்ரூவைக் கொடுத்தார். ஸ்க்ரூவை முடுக்கி, பேட்டரி போட்டு, ரிமோட்டை அவர் வலது கையில் வைத்தேன்.

அவர் உடனே அடிக்கவில்லை. மூன்றாம் எண்ணின் மேல் பெருவிரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். முதல் தடவையாக நான் திரையைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்த்தேன். அமுக்கினார். பிறகு ஒன்று. மறுபடி ஒன்று. பெருவிரல் தடுமாறாமல், வரிசை தவறாமல், சரியான இடத்துக்குச் சரியாகப் போனது. நிமிர்ந்து பார்த்தபோது திரையில் முந்நூற்றுப் பதினொன்று ஓடிக்கொண்டிருந்தது. அட்டையில் இருந்த ஐந்து சேனலையும் இரண்டிரண்டு தடவை, யாரும் சொல்லாமலே அடித்து முடித்தார். பத்துக்குப் பத்து.

என் கணவர் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் அண்ணன் காலடியில் உட்கார்ந்து, "புதன்கிழமை எங்கயும் போகலண்ணே. நீங்க இங்கதான் இருக்கீங்க. தப்பு என் மேலதான்" என்றேன். சினிமாவில் என்றால் அவர் என் தலையில் கை வைத்திருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு ஒரு பத்து நாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கணவர் ஊட்டினால் சாப்பிடுவார். நான் ஊட்டினால் வாயைத் திறப்பார், கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அடுத்த வாரம் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நோட்டை வாங்கி மறுபடி ஒரு தடவை புரட்டினார். "நானும் கேக்கலையேம்மா, எந்த நம்பர்ல தப்பு வருதுன்னு" என்றார். அந்த மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். பிசியோதெரபி பெண்ணிடம் சொன்னபோது அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் எங்கே போனாலும் ரிமோட்டில் ஒவ்வொரு பட்டனாகத் தானே அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பயிற்சி கொடுக்கிறாராம். எங்கள் வீட்டிலும் தைலம் தேய்த்தால் சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்த பிறகுதான் ரிமோட்.

அண்ணன் முழுதாகக் குணமாகிவிட்டார் என்று சொல்ல முடியாது. தடியூன்றித் தெருமுனைவரை நடக்கிறார். பேச்சு ஒவ்வொரு சொல்லாக வருகிறது. தண்ணி, சோறு, பஸ்ஸு, வலி என்று தனித்தனிச் சொற்கள். ஒரு சொல் வருவதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் காத்திருக்க நாங்கள் இப்போது பழகிக்கொண்டோம்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள், மாலை நடைக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து உட்கார்ந்தபோது, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "அப்ப என் மேல ரொம்பக் கோவமா இருந்துச்சாண்ணே?"

அவர் யோசித்தார். உதடு அசைந்தது. நான் எந்தச் சொல்லையும் எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தேன்.

"பயம்" என்றார்.

காப்பகத்துக்கு அனுப்பிவிடுவோம் என்ற பயமா என்று கேட்டேன். "இல்ல" என்றார். இந்த முறை அது இல்லை என்ற இல்லைதான். பிறகு வலது கையைத் தூக்கி, பெருவிரலை ஆட்டிக் காட்டி, அதே விரலால் தன் நெற்றியைத் தொட்டார். எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி, தன் விரல் மூன்றில்தான் படுகிறதா, தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறதா என்று கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டிருக்கிறது. புடவை விளம்பரம் ஓடிய அந்த நாளெல்லாம் அவர் அந்தச் சந்தேகத்தோடு தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அந்த நோட்டை நான் தூக்கிப்போடவில்லை. அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன். அதில் தேதி சரியாக இருக்கிறது, எண்ணிக்கை சரியாக இருக்கிறது, பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு பக்கமும் தப்பு. எதிர் வீட்டு அம்மா அன்று சத்தம் கொடுக்காமல் இருந்திருந்தால், அந்தப் புதன்கிழமை நான் லீவு போட்டு, ஆட்டோ வைத்து, அண்ணனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். அந்த மாதங்களில் அவர் என்னிடம் சொல்லிப் பார்த்து நான் வேறொன்றாக எழுதிவைத்தது இந்த ஒன்று மட்டும்தானா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.